கதவருகே ஓர் இடம்

தோ பாயோ
மார்ச் 4

அன்புள்ள போ செங்,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பிரிந்து ஆறு வருஷமாகியும் செவ்வாய்தோறும் வந்து என்னை இடுப்புச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறாய். அந்த நல்ல குணத்தை நான் மறக்கவில்லை. ஆனால் நீ காரை எங்கோ கோடியில் நிறுத்த, அங்கிருந்து நடக்க இனி என்னால் ஆகாது. ஆஸ்பத்திரிக் கதவருகே மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் காரை நிறுத்த அனுமதி அட்டை கேட்டேன். கிடைக்கவில்லை. சிகிச்சையை விட்டுவிடப் போகிறேன். இனி நீ அலைய வேண்டாம்.

சியூ ஹோங்

உட்லண்ட்ஸ்
மார்ச் 7

அன்புள்ள சியூ ஹோங்,

ஏன் கிடைக்கவில்லை என்று நம் மகள் சொல்லிவிட்டாள். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று தலைக்குச் சாயம், உதட்டுக்குச் சிவப்பு! வாக்கரைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, "எனக்கென்ன டாக்டர் குறைச்சல்? ஜம்முனு இருக்கேன்" என்றாயாமே! பிறகு அந்த மனுஷன் அட்டைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? என்னிடமும் முப்பது வருஷம் இதையேதான் சொன்னாய். நானும் மடையன் மாதிரி நம்பினேன். மறுபடி விண்ணப்பம் போடு. செவ்வாய்க்கிழமை மீன் கஞ்சியோடு வருகிறேன்.

உன் போ செங்

தோ பாயோ
மார்ச் 19

கிழவா,

மறுபடி போனேன். சாயம் பூசவில்லை, கண்ணாடியைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. வாக்கரோடு பத்தடி நடந்ததும் அழுதுவிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆனால் நான் கார் ஓட்டாததால், என்னோடு ஒரே வீட்டில் இருப்பவரின் காருக்குத்தான் அட்டை தருவார்களாம். "நாங்க தனித்தனியா இருக்கோம்மா" என்றேன். "அப்ப கஷ்டம் ஆன்ட்டி" என்றாள் அலுவலகத்தில் படிவம் வாங்கும் பெண். படிவத்தை இதோடு அனுப்புகிறேன். கிழித்துப் போடு.

சியூ ஹோங்

உட்லண்ட்ஸ்
மார்ச் 22

சியூ ஹோங்,

கிழிக்கவில்லை, நிரப்பி இதோடு திருப்பி அனுப்புகிறேன். ஓட்டுபவர் முகவரி என்ற இடத்தில் உன் வீட்டு எண்ணை எழுதியிருக்கிறேன். பொய் எழுதுகிறவன் இல்லை நான், உனக்கே தெரியும். அட்டைக்காக மட்டும் உன் வீட்டுக்குக் குடிவருகிறேன் என்றும் நினைக்காதே. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. நான் வேண்டாமென்றால் அந்த வரியை அடித்துவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போ செங்

தோ பாயோ
மார்ச் 25

போ செங்,

படிவத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். "என்ன ஆன்ட்டி, அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களே?" என்று சிரித்தாள் அந்தப் பெண். "பெட்டியோட வந்துக்கிட்டிருக்காரும்மா" என்றேன்.

செவ்வாய் வரை காத்திருக்காதே. எனக்கு வலிக்கிறது. இன்றைக்கே வா.

உன் சியூ ஹோங்