நீங்கள் சொன்ன 'நோ'

நோவெண்ணெய்ச் சீசாவைத் திறந்தால் போதும், நீங்கள் போன அன்று பின்னேரம் வெள்ளவத்தை வீட்டு முன்ஹோலில் இருந்த எல்லாரும் வந்து தங்கள் தங்கள் இடத்தில் அமர்ந்துகொள்கிறார்கள். சாய்மனைக் கதிரையில் நீங்கள். உங்களுக்கு நேரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில், என் தம்பி பரமலிங்கம். யன்னலோரம் கொட்டாஞ்சேனைச் சுருட்டுக்கடை வேலுப்பிள்ளையர், குடையை மடியில் வைத்தபடி. குசினியில் தேத்தண்ணீர் வைக்கும் வேலைக்காரப் பெண் சோமாவதி. அறை வாசல் சீலைக்குப் பின்னால் நான். வேறு ஒருவரும் இல்லை. நானும் இருந்தேன், நானும் கண்டேன் என்று பிறகு சொல்லித் திரிந்தவர்கள் எல்லாரும் பொய்யர்.

இன்று காலை பேத்தி என் முழங்காலுக்கு அந்த எண்ணெயைத் தேய்த்துவிட்டாள். இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். சீசாவை மணந்து மூக்கைச் சுளித்து, "அம்மம்மா, நோவெண்ணெய் எண்டா என்ன? வேண்டாம் எண்ணெயா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். பிறகு அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதத் தொடங்கினேன். நோ என்றால் வலி. இங்கிலீசில் நோ என்றால் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களுக்கு ஒருவரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஊர்க் கோட்டில் நீங்கள் வழக்குப் பேசிய காலத்தில், ஒரு வேலிச் சண்டைக்கு இரண்டு பக்கத்தாரும் உங்களிடமே வந்தார்கள். காலையில் வந்தவனுக்கும் ஓம். மாலையில் வந்தவனுக்கும் ஓம். கோட்டடிப் புளியமரத்தின் கீழ் இருவரும் சந்தித்து, "ஐயா என்ரை பக்கம்!" "போடா, ஐயா என்ரை பக்கம்!" என்று கைகலக்கப் போனபோது, நீங்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் புளியங்கொப்பில் கொழுவிவிட்டு, இருவரையும் அந்த வேலியடிக்கே நடத்திக்கொண்டு போனீர்கள். ஒருவன் கதியால் தடி ஊன்ற, மற்றவன் மண் அணைத்தான். வழக்குப் பேசக் காத்திருந்த மற்றப் புறொக்டர்மார் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊர் சிரிக்கவில்லை. அந்த வேலிக் கதைதான் உங்களை ஸ்டேட் கவுன்சிலுக்கு, கொழும்புச் சட்டசபைக்கு, அனுப்பியது.

தேர்தலில் நிற்கச் சொல்லி ஆட்கள் வந்த அன்று நான் கேட்டேன், "மாட்டன் எண்டு ஒரு சொல் உங்கடை வாயிலை வராதோ?" என்று. "கேட்டு வந்த வாயை எப்பிடி மூடுறது, இஞ்சாரும்?" என்றீர்கள். பெயர் சொல்லாமல் என்னை நீங்கள் கூப்பிடுவது அப்படித்தான்.

வெள்ளவத்தை வீட்டை நினைத்தால் சுவர்கள் நினைவில் வருவதில்லை. காற்றில் ஊதிப் புடைக்கிற சீலைகள்தான் வருகின்றன. கொழும்புக் காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை, அதன் முடிவில் ரயில் பாதை, பாதைக்கு அப்பால் கடல். ரயில் போகும்போது கோப்பைகள் பீரிசுத் தட்டில் நடுங்கும். மெயில் ரயிலில் ஊராட்கள் வந்து இறங்கிக்கொண்டேயிருப்பார்கள். மகனுக்கு உத்தியோகம், மருமகனுக்கு மாற்றம், கோயில் கிணற்றுக்கு ஒரு வார்த்தை. விறாந்தை முழுக்கப் பாய். எல்லாருக்கும் ஓம். சாப்பிட இருக்கிற உங்களை அரைவாசியில் எழுப்பிக் கூட்டிப்போவார்கள். திரும்பி வரும்போது உங்கள் முகம் கழுவிக் கழுவி வெளுத்த துணிபோல இருக்கும்.

ஒருமுறை என்னைச் சபைக்குக் கூட்டிப்போய் மேலே இருத்தினீர்கள். கீழே பெரிய மனிதர்கள். ஏதோ ஒரு கேள்விக்குக் கொஞ்சப் பேர் 'ஐ' என்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் 'நோ' என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்:

"ஏனப்பா, அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்திலை எங்கை நோகுது?"

கார் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்வரை நீங்கள் சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது இங்கிலீசு நோ. 'ஐ' எண்டா ஓம், 'நோ' எண்டா வேண்டாம்" என்றீர்கள்.

"அவ்வளவு சின்னச் சொல்லோ? அப்ப நீங்களும் ஒருக்காச் சொல்லிப் பழகுங்கோவன்."

அதிலிருந்து அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. பொழுதுபடுகிற நேரம் ரயில் பாதையைக் கடந்து கற்களில் போய் இருப்போம். கடலும் வானமும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று தெரியாத மஞ்சள் வெளிச்சம். "ம், சொல்லுங்கோ" என்பேன். அலை வந்து காலைத் தொடும். "நோ" என்பீர்கள், கடலைப் பார்த்து, வெட்கப்பட்ட பிள்ளைபோல. "இன்னும் உறுக்கி!" "நோ!" அலை பின்வாங்கும். "பாத்தியளே, கடலே கேக்குது" என்பேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கல்லில்தான் இருக்கிறேன். சேலைக் கரை நனைந்தபடி.

பிறகு நெஞ்சுக்குள் நோ வந்தது. மேடையில் ஏறினால் நோ, மாடிப்படி ஏறினால் நோ. நான் எண்ணெய் தேய்ப்பேன். இனித் தேர்தல், கூட்டம் என்று அலைந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தக் கல்லில் இருந்து எனக்குச் சத்தியம் செய்தீர்கள். அடுத்த தேர்தலில் நிற்கக் கேட்டு வந்தால் நோ என்று சொல்வேன் என்று.

அவர்கள் வந்தார்கள். சீலைக்குப் பின்னால் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பரமலிங்கம் நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவன், நீங்கள் சட்டம் படிப்பித்து ஆளாக்கியவன். அவன் சொன்னான்:

"அத்தான், நீங்கள் நிண்டால்தான் என்ரை காலும் நிலத்திலை நிக்கும். இந்த ஒருமுறை."

"ஐயா ஒருநாளும் மறுத்த ஆளில்லை" என்றார் வேலுப்பிள்ளையர்.

சாய்மனைக் கதிரை கிரீச்சிட்டது. பிறகு உங்கள் குரல்.

"நோ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லிவிட்டார், கடைசியில் சொல்லிவிட்டார் என்று சீலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"நெஞ்சிலை கை வைச்சுச் சொல்லாதேங்கோ அத்தான், சனம் நம்பாது" என்று பரமலிங்கம் பகிடி விட்டான். பிறகு பேசினான். ஊர், மானம், எதிராளி, எல்லாம் பேசினான். சோமாவதி தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்து, வெறும் தட்டோடு திரும்பிவிட்டாள். அவன் பேசிக்கொண்டேயிருந்தான்.

"நோ… இஞ்சாரும்."

நீங்கள் என்னோடு ஒருநாளும் இங்கிலீசு கதைத்ததில்லை. சீலையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தேன். வேலுப்பிள்ளையர் குடையை எறிந்துவிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினார், அந்த வயதில், வெறுங்காலோடு. ரயில் ஒன்று போனது. கோப்பைகள் நடுங்கி நின்றபோது உங்கள் கை என் கைக்குள் நிற்காமல் நழுவிவிட்டது.

இவ்வளவையும்கூட நான் பொறுத்திருப்பேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, தேர்தலும் வந்தது. உங்கள் இடத்துக்குப் பரமலிங்கம் நின்றான். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பக்கத்தில் நானும் போய் இருந்தேன். மேடையில் உங்கள் படத்தைக் காட்டிக் கத்தினான்: "அத்தான் கடைசியாச் சொன்ன சொல் 'நோ'! நெஞ்சிலை கை வைச்சுச் சொன்னார்! எனக்குப் போதும், இனித் தம்பி போகட்டும் எண்டதுதான் அதின்ரை கருத்து!" சனம் கைதட்டியது.

நெஞ்சில் கை இருந்ததை அவன் கண்டவன். நான் காணவில்லை, எனக்கு நடுவில் சீலை. அந்தச் சொல்லை அவனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். விழுந்தெழும்பி முழங்காலைக் காட்டி "நோ, அக்கா, நோ" என்று அழுதவன் அவன்.

வென்ற பிறகு மாலையோடு வீட்டுக்கு வந்தான். நான் முகம் கொடுக்கவில்லை.

"அக்கா, என்னோடை கோவமே?"

"நோ" என்றேன்.

"அப்பாடா" என்று சிரித்தான். மாலையைக் கழற்றி உங்கள் படத்துக்குப் போட்டுவிட்டுக் காரில் ஏறினான். அன்றும் அவனுக்கு அது இங்கிலீசில்தான் கேட்டது.

அவனும் போய்ச் சேர்ந்து கனகாலம். அங்கே வந்து "அத்தான்" என்று கூப்பிட்டிருப்பான், நீங்களும் ஓம் என்றிருப்பீர்கள். உங்களுக்கு வேறு சொல் வராது. கடற்கரையில் நான் பழக்கிய சொல் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, இரண்டு கருத்தோடும். வேலுப்பிள்ளையரை அவர் ஓடிய ஓட்டத்துக்காக அன்றே மன்னித்தேன். சத்தியத்தைக் கேட்காத உங்கள் நெஞ்சையும் மன்னித்தேன். என் கூடப் பிறந்தவன், பரமலிங்கம், அவனை மாட்டேன்.