குக்கர்ல வெந்த ஊசி

ஜூலை 14, செவ்வாய். குடிபாலா.

செலக்ட் ஆயிட்டேன்! சண்டை நடக்கிற நாட்டுக்கு நர்சா போகப்போறேன், அதுவும் சம்பளமில்லாம.

இன்னைக்குத் திருப்பதி இன்டர்வியூல வெள்ளைக்கார டாக்டரம்மா எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. குண்டு விழுந்து கரண்ட் போயிட்டா கத்திரி, ஊசியெல்லாம் எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க? எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க ஊரு ஆஸ்பத்திரியில கரண்ட் போக குண்டா வேணும்? தூறல் போட்டாலே போதும். "பிரஷர் குக்கர்ல வேக வெப்பேன் மேடம்"னேன். "விசில் வந்தப்புறம் இருவது நிமிஷம்." கூட இருந்த சிட்டி நர்சுங்க வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. டாக்டரம்மா சிரிக்கல, எழுதிக்கினாங்க. சாயங்காலம் லிஸ்ட்ல மொத பேரு என்னுது. சிரிச்சவங்க பேரு ஒண்ணுகூட இல்ல!

நைனா சம்மதம்தான் பாக்கி. அப்ளிகேஷன் போட்ட நாள்லேருந்து என்கிட்ட பேச்சில்ல. அம்மாகிட்ட இதையெல்லாம் நான் சொல்றப்ப கேட்டுக்கினே இருந்தாரு. அப்புறம் சோறுகூட துன்னாம எழுந்து சைக்கிள எடுத்துக்கினு போயிட்டாரு. கோவம் இன்னும் தீரலன்னு நெனைச்சேன்.

இப்பதான் வந்தாரு. என் பெட்டிமேல ஒரு பொட்டலத்தை வெச்சாரு. பிரிச்சா, குக்கர் மூடிக்குப் போடற கேஸ்கட். புதுசு, ரெண்டு.

"அந்த ஊர்ல கெடைக்குதோ இல்லியோ"ன்னாரு.