செல்வியின் தலைக்கு ஊற்றிய தண்ணீர்

என் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்திலாவது நேரத்துக்குச் சாப்பிடு. பாசமாகச் சொல்ல இருந்தது இவ்வளவுதான். இனி திட்டப் போகிறேன். நாலு பேர் படிக்கும் இடத்தில் வைத்தே திட்டப் போகிறேன்.

உன் வேலை என்னவென்று பாளையம்பட்டியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா, "மூத்தவ மதுரைல பெரிய ஆஸ்பத்திரில ஆராய்ச்சி பண்ணுது" என்பார். "டாக்டரா?" என்று கேட்டால், "டாக்டரு மாதிரி." நீ உள்ளேயிருந்து கத்துவாய்: "டாக்டரும் இல்ல, மாதிரியும் இல்லப்பா. அசிஸ்டென்ட்டு."

காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் மனிதர்களின் மூளை, சத்தத்தை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. திருச்சுழிப் பக்கம் ஓர் அறையைப் பிடித்து, வருகிறவர்களின் தலையில் வயர்கள் தொங்கும் வலைத் தொப்பியை மாட்டுவாய். காதில் 'டிக், டிக்' என்று ஒலி போகும். திரையில் கோடு கோடாக அலை ஓடும். "இது உள்ள எதையும் அனுப்பாதும்மா. கேட்க மட்டும்தான் செய்யும்" என்று ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்வாய்.

ஆனால் அந்த அம்மாக்கள் மகள்களின் தலையில் எண்ணெய் வழிய வழியத் தடவி, சடை பின்னி, கனகாம்பரமும் வைத்துக் கூட்டி வருவார்கள். தலை கலைந்திருந்தால் பைத்தியம் என்று பஸ்ஸில் யாராவது சொல்லிவிடுவார்களாம். எண்ணெய்த் தலையில் வயர் பிடிக்காது. முதலில் அலச வேண்டும். பதிவு முடிந்ததும் தொப்பிக்காகத் தடவிய பசை போக இன்னொரு தடவை அலச வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூட்டிப் போனாய். வகுப்பில் எழுந்து நின்றால் குரல் வராது என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். "வாடி ஊமக்கோட்டான், இங்க பேச வேண்டியதில்ல. தண்ணி ஊத்துனா போதும்" என்றாய்.

அப்படித்தான் செல்வி வந்தாள். அது அவள் பெயர் இல்லை. அறைக்குள் கேட்ட பெயர் அறையைத் தாண்டக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். இவ்வளவு கோபத்திலும் அதை நான் மீறவில்லை, பார்த்துக்கொள்.

செல்விக்கு மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, குரல் குறைந்திருந்தது. பதிவன்று கடைசியில் நான்தான் வெந்நீர் ஊற்றி அலசிவிட்டேன். அவள் அம்மா பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு நீ அவர்களுக்குப் போன் போட்டபோது விளங்கியது. "மாத்திரையா? அதான் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுல்லம்மா. உங்க தங்கச்சி கையாலதான ஊத்துச்சு. பெறகெதுக்கு மாத்திர?"

நம் பக்கத்தில் அம்மை இறங்கினால், காய்ச்சல் விட்டால், கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் நோவு போயிற்று என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்காரர்களே ஊற்றிவிட்டார்கள் என்றால் அந்த அம்மா வேறென்ன நினைப்பாள்?

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. "அவுக மேல தப்பில்ல. சம்மதக் காயிதத்த வாசிச்சுக் காமிச்சு கையெழுத்து வாங்குனோம். அவுக பாத்தது தண்ணிய" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் ஊருக்குப் போனாய். செல்வி மறுபடி மாத்திரை சாப்பிட்டாள், மறுபடி நிறுத்தினாள். நீயும் மறுபடி மறுபடி போனாய். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போதுதான் லோடு லாரி உன் ஸ்கூட்டியில் மோதியது.

ஏன் போனாய்? உன்னை யார் போகச் சொன்னது? அன்றைக்கு வீட்டில் கோழிக் குழம்பு. "வந்து சாப்பிடுறேன், ஈரல எனக்கு எடுத்து வையி" என்றாயே, அது பொய்யா?

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பைத்தியங்களோட சேந்து திரியாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். அதுகளப் பிடிச்சது இவ மேல ஏறிருச்சு." லாரியை ஓட்டியவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். அம்மா மயங்கிக் கிடந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

உன் ஆபீஸிலிருந்து வந்தவர் மாலை போட்டார். உன்னைப் போல வேலை செய்ய ஆள் கிடையாது என்றார். அடுத்து, "ஞாயித்துக்கிழமை அவங்க டூட்டில இல்லையே சார்" என்றார். அப்பா, "ஆமாங்கய்யா" என்றார், ஏதோ நீ தப்பு செய்துவிட்டது போல. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: "ஆபீஸ் லேப்டாப் வீட்லதான இருக்கும்மா?" எடுத்து வந்து கொடுத்தேன். அதன் மேல் நீ ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மட்டும் உரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். வீடு வீடாக நீ போனதெல்லாம் யாருடைய வேலை, அக்கா? அவர்கள் வேலை இல்லையென்றால் உன் வேலையா? உன் வேலையும் இல்லையென்றால் நீ எதற்குச் செத்தாய்?

செல்வியின் அம்மா வந்திருந்தாள். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அவளைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

போன வாரம் திருச்சுழியில் மாத்திரை கொடுக்கும் நர்ஸம்மா என்னைப் போனில் கூப்பிட்டார்கள். செல்வி மாத்திரை வாங்க வரவே இல்லையாம். ஆள் அனுப்பிக் கேட்டதற்கு அவள் அம்மா, "அந்தப் பிள்ளையக் கொன்னுபுட்டு எந்த மூஞ்சியோட அங்க வருவோம்" என்றாளாம். இப்போது செல்விக்குக் கேட்கும் குரலும் அதையே சொல்கிறதாம். நீதான் கொன்றாய், நீதான் கொன்றாய் என்று. அவள் சோறும் தொடுவதில்லையாம்.

"நீ ஒரு எட்டுப் போயிட்டு வாத்தா. நீ கூப்ட்டாத்தான் வருவாக."

"என்னால ஆகாது" என்று போனை வைத்துவிட்டேன். நான் ஏன் போக வேண்டும்? உன்னை விழுங்கிய ரோடு அது. சாக நீ போன வீடு அது. அவர்கள் வீட்டில் மகள் இருக்கிறாள், நம் வீட்டில் நீ இல்லை. இதையே ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ குறுக்கே வந்து, "சரிடி, அதுக்கு செல்வி என்ன செய்வா?" என்கிறாய். செத்த பிறகும் உனக்கு வாய் ஓயவில்லை.

நேற்று அத்தை வந்து, அந்தச் சனியன் பிடித்த குடும்பம் விளங்காது என்று மறுபடி ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்வியின் காதில் கேட்பதையும் அத்தை வாயில் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையே சொல்கிறேன் என்றுதான் ஆகும். "லாரிக்காரன் இடிச்சான் அத்தே. அவுக இடிக்கல" என்றேன். அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அப்பா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நாளைக் காலை திருச்சுழி பஸ்ஸில் போகிறேன், அக்கா. உன்னைப் போலச் சிரித்துப் பேச எனக்கு வராது. செல்வியை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன், மன்னிக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. அத்தையிடம் சொன்னதையே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். நம்பவில்லையென்றால் அடுத்த வாரமும் போய்ச் சொல்வேன். அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிப் போய், மாத்திரை வாங்கி, முதல் மாத்திரையை அவள் முழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இது சத்தியம்.

உன் மேல் உள்ள கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தீர்க்க நீதான் வர வேண்டும்.

உன் கூடப் பிறந்தவள்,
பவானி