மாறியில் போட்ட பெயர்

திருகோணமலை
9.6.1995

அன்புள்ள மலருக்கு,

நான் சுகம். மண்டபம் முகாமில் உமக்கும் எங்கள் சின்னவளுக்கும் காய்ச்சல் விட்டதா?

துறைமுகக் கந்தோரில் ஒரு பகிடி நடந்தது. எங்கள் கொம்பியூட்டர் கட்டளை கேட்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எதைக் காட்டவேண்டும் என்பதை மாறி என்கிற ஒரு நினைவுப் பெட்டிக்குள் வைத்திருக்கும். அதில் உமது பெயரைப் போட்டேன். கையால் அடித்தால் கரண்ட் போனதும் மறந்துவிடும் என்று, அது எழும்பும்போது வாசிக்கிற கோப்பிலேயே எழுதி வைத்தேன்.

நேற்றுச் சோதனைக்கு வந்த அதிகாரி திரையைப் பார்த்து, "ஆர் இந்த இராசமலர்?" என்றார். பயத்தில், "கப்பல், சேர்" என்றேன்.

"எப்ப வரும்?"

"தெரியாது, சேர்."

அவர் போனதும் கோப்பிலிருந்து அழித்துவிட்டேன். இப்போது கரண்ட் வரும் ஒவ்வொரு தரமும் கையால் அடிக்கிறேன்.

அங்கிருந்து ஆட்களை ஏற்றிவரும் கப்பல் இனி ஓடாது என்றுதான் இங்கே கதை. என்றாலும் சின்னவளின் பாதத்தைத் தாளில் வைத்து அளவு கீறி அனுப்பும். போன வருடம் வாங்கிவைத்த செருப்பு இனி அளவாகாது.

தபால் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன். இந்த வரியை எழுதும்போதே கரண்ட் போய்விட்டது.

உமது
யோகலிங்கம்