மருந்துப் பையில் ஒளித்த போன்

ஏப்ரல் 11, செவ்வாய்

காலையில் மூன்று பசுக்களுக்கு ஊசி. மதியம் ஜார்கெந்த் நகரத்துக்குப் போய்ப் போன் கம்பெனி அலுவலகத்தில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. கடைசித் தவணையும் கட்டியாகிவிட்டது. இனி பூட்டை எடுத்துவிடுங்கள், வேறு கம்பெனி சிம்மும் போட வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த மாடலுக்குப் பூட்டு திறக்காது ஐயா. வேணும்னா புது ஒப்பந்தம் போட்டுப் புது போன் வாங்கிக்கலாம். அதுலயும் நம்ம சிம் மட்டும்தான் வேலை செய்யும்."

முழுப் பணமும் கட்டிய பிறகும் போன் அவர்களுடையதுதான் போல. நான் சும்மா தூக்கிச் சுமக்கிறேன்.

ஏப்ரல் 12

கலம்காஸ் கேட்டாள்: "இருக்கிற போன் பேசுதில்ல? அப்புறம் என்ன?" என் மனைவிக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தக் கம்பெனி சிக்னல் மட்டும்தான் எடுக்கும். மேலே கோக்சாய் மலை மேய்ச்சலில் இன்னொரு கம்பெனி மட்டும்தான் எடுக்கும். அதன் கோபுரம் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் மே வரை கீழே, ஜூன் முதல் மந்தைகளோடு மேலே. போன ஜூலை 14 அன்று குதிரை மேய்க்கும் தோசிம்கானின் சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை ஈன முடியாமல் படுத்துவிட்டது. அவர் என்னைப் பத்தொன்பது முறை கூப்பிட்டிருக்கிறார். நான் ஒரு முகடு தள்ளி, குதிரையில் அரை மணி தூரத்தில், ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். பையில் போன் ஊமையாகக் கிடந்தது. ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, குட்டியும் இல்லை.

தோசிம்கான் ஒரு வார்த்தை திட்டவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

செத்துப்போன குதிரையின் மகள் இப்போது சினை. முதல் ஈற்று. ஜூன் நடுவில் இருக்கும்.

ஏப்ரல் 15

கலம்காஸின் யோசனை: இரண்டு போன் வைத்துக்கொள்வது. போன ஆகஸ்டில் அதையும் செய்து பார்த்தேன். ஒன்று பையில் இருந்தால் மற்றது சார்ஜில் கிடக்கும். பசுவுக்குள் தோள் வரை கையை விட்டிருக்கும்போது எந்தப் போன் அடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே போன். இரண்டு சிம். பூட்டு கூடாது, ஒப்பந்தம் கூடாது. விலை ஓர் ஆட்டின் விலைக்கு மேல் போகக் கூடாது.

ஏப்ரல் 22, சனி

சந்தையில் ரெய்ஹான்குல் கடை. உய்குர்ப் பெண், ஐம்பது வயது இருக்கும், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கம்பெனியிலும் புதுச் சிம் வாங்கித் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

முதலில் கடைக்கு வெளியே ஒருவன் பிடித்துக்கொண்டான். கொரியாவிலிருந்து வந்த போன், புதுசு போல, பாதி விலை. "பூட்டா? சத்தியமா இல்லண்ணே." தீப்பெட்டியைத் திறந்தேன். முதல் சிம்: இந்தச் சிம் செல்லாது. இரண்டாவது சிம்: இந்தச் சிம் செல்லாது. சத்தியம் செய்தவன் சிரித்தபடி போனை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

ரெய்ஹான்குல் உள்ளேயிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். "தீப்பெட்டி கொண்டுவந்தீங்க, பொழச்சீங்க. பூட்டு இல்லன்னு யார் சொன்னாலும், நான் சொன்னாலும் சரி, சிம்மைப் போட்டு ஒரு கால் பண்ணிப் பாருங்க. வாய்ச்சொல்லுக்குத் திறக்கிற பூட்டு கிடையாது."

மூன்று போன்களை எடுத்து வைத்தாள். மூன்றையும் வெயிலுக்குக் கொண்டுபோனேன். மெல்லியதாக அழகாக இருந்ததில் வெயிலில் என் முகம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடுத்தது கையுறை போட்ட விரலுக்கு அசையவே இல்லை. மூன்றாவது தடியாக, ஓரமெல்லாம் ரப்பராக, செங்கல் மாதிரி இருந்தது. எடையைக் கையில் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், காதில் வைத்தேன், என் ஆட்டுத்தோல் கோட்டில் சுற்றி அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"அண்ணே, போன் வாங்க வந்தீங்களா, குதிரை வாங்க வந்தீங்களா? பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதுதான் பாக்கி."

கோட்டுக்குள்ளிருந்து அது கத்தியது பக்கத்துக் கறிக்கடை வரை கேட்டது. இருந்தும் வாங்கவில்லை. பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று அவள் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 26

அதே போன் வைத்திருக்கும் தேனீக்காரரைக் கண்டுபிடித்தேன். இரண்டரை நாள் நிற்கிறதாம். ஒருமுறை ஓடையில் விழுந்து எழுந்ததாம். போனும் அவரும்.

ஏப்ரல் 29, சனி

வாங்கிவிட்டேன். அறுபத்தோராயிரம் தெங்கே. ரெய்ஹான்குல் இரண்டு சிம்மையும் போட்டுக் கொடுத்து, என் முன்னாலேயே இரண்டிலும் பேசிக் காட்டினாள். எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை. எனக்கே எனக்கு. நாற்பத்தொன்பது வயதில் ஒரு போனுக்கு இப்படிச் சந்தோஷப்படலாமா? படலாம்.

புதுப் பொருளை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்று கலம்காஸ் கம்பளியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பெக்போல் கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க."

அதை நான் யோசிக்கவே இல்லை.

மே 3

பெக்போல் என் பெரிய அக்கா மகன். லாரி ஓட்டுகிறான், முப்பத்தாறு வயது, நல்ல பிள்ளை, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய ஆசை. எங்கள் வழக்கப்படி அக்கா தங்கை பிள்ளைகள் தாய்மாமனிடம் மூன்று முறை எதையும் கேட்கலாம், மாமன் மறுக்கக் கூடாது. மறுத்தவனைப் பற்றி இங்கே பேரன் காலம் வரை பேசுவார்கள். பெக்போல் ஒருமுறை என் சேணத்தைக் கேட்டான், போயிற்று. இன்னொரு முறை வேட்டை நாய். இன்னும் ஒன்று பாக்கி. போன் என்றால் அவனுக்கு உயிர். ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறான்.

இரண்டாவது அக்கா மகள் ஜுபாருக்கும் ஒன்று பாக்கி. ஆனால் அது வேறு கதை. ஜுபார் கோக்சாயில் குதிரைப் பால் கறந்து குமிஸ் புளிக்க வைத்து விற்பவள். பன்னிரண்டு வயதில் ஒரு குதிரைக்குட்டி கேட்டாள், கல்யாணத்தில் தேநீர் கொதிக்க வைக்கும் என் செப்பு சமோவார் கேட்டாள். மூன்றாவதாக என் குதிரை தொரியைத்தான் கேட்பாள் என்று ஊருக்கே தெரியும். செம்பழுப்பு நிறப் பெட்டை, இந்தப் பக்கத்தில் அதைப் போலப் பால் கொடுப்பது கிடையாது. என்னிடம் அது வெறுமனே என்னைச் சுமக்கிறது. நான்கு வருடமாகக் கேட்க வாயெடுத்து வாயெடுத்து விடுகிறாள். கேட்டால் கொடுக்க நான் தயார். நானாகக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

புது எண்கள் இரண்டையும் ஜுபாருக்கும் தோசிம்கானுக்கும் மட்டும் கொடுத்தேன். போன் மருந்துப் பையில், குடற்புழு மாத்திரைக்கு அடியில்.

மே 14

பெக்போல் வந்தான். பழைய போனைக் காதில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடித்தேன். "இன்னுமா மாமா இந்த ஓட்டைப் போன்?" என்று பரிதாபப்பட்டான்.

மே 20

போனை ஒளிப்பது குதிரையை ஒளிப்பதைவிடச் சிரமம். குதிரை கேட்காத நேரத்தில் பாடாது.

மே 27, சனி

மந்தைகள் மேலே போவதற்கு முன் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. கலம்காஸ் ஓர் ஆடு அடித்து, கறியும் மாவுத் துண்டுகளும் சேர்த்து பெஷ்பர்மாக் செய்தாள். தோசிம்கான், பெக்போல், ஜுபார், எல்லோரும் வந்திருந்தார்கள். தட்டு பாதி காலியாகியிருந்தது. அப்போது மூலையில் மருந்துப் பை கத்த ஆரம்பித்தது.

பெக்போல் திரும்பினான். "என்ன மாமா, பைக்குள்ள ஆட்டுக்குட்டி வெச்சிருக்கீங்களா?"

எடுக்காமல் இருந்தால் நிற்காது. எடுத்தேன். கம்பளி உறை, ரப்பர் ஓரம், எல்லாம் எல்லோர் கண்ணிலும் பட்டது. பெக்போல் கையைத் துணியில் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. அவன் கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. கலம்காஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜுபாரின் குரல் வந்தது: "மாமா, அந்தப் போன் எனக்கு வேணும். என்னோட மூணாவது."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? தோசிம்கான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 28

குடுத்துட்டேன். பத்து நிமிஷம் கூட யோசிக்காம குடுத்துட்டேன். அவளுக்கு எதுக்கு அது? அவ போன் கோக்சாய்ல நல்லாத்தானே எடுக்குது? தொரியைக் கேட்டிருந்தா கயிறு போட்டு வாசல்ல கட்டியிருப்பேன். ஜூன்ல என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியும். போன வருஷம் அந்தக் குதிரையைப் புதைக்கக் குழி வெட்டினப்ப பக்கத்துல நின்னவ அவ.

கலம்காஸ் இன்னொரு ஆட்டை விற்று வேறு போன் வாங்கலாம் என்கிறாள். வாங்கினால் அதைப் பெக்போல் கேட்பான்.

மே 30, செவ்வாய்

மேலே போகும் வழியில் ஜுபார் வாசலில் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. கம்பளி உறையோடு போனை நீட்டினாள்.

"இந்தாங்க. என் போன். உங்களுக்கு இரவல்."

புரியாமல் நின்றேன்.

"சனிக்கிழமை கூப்பிட்டது யாருன்னு நினைச்சீங்க? ஊர்ச் சிம்மைப் போட்டு, தட்டுக்கு அடியில என் போனை வெச்சு நான்தான் அமுக்கினேன். இந்தக் கோடை முழுக்கப் பெக்போல் அண்ணன் குமிஸ் ஏத்த வாரம் வாரம் மேல வரப்போறாரு. என்னைக்காவது கண்ணுல படத்தானே செய்யும்? நான் இல்லாத நேரத்துல பட்டா? அதான் நான் இருக்கும்போதே பட வெச்சேன்."

"அப்ப இது..."

"என்னோடது. என்கிட்ட கேட்க அவருக்கு ஏது உரிமை? நான் என்ன அவருக்கு மாமனா?" உதட்டை மடித்துச் சிரித்தாள். "கீறல் விழுந்தா பேசுவேன். ஒழுங்கா சார்ஜ் போடுங்க. தோசிம்கான் ஐயா கூப்பிட்டா முதல் மணியிலேயே எடுங்க."

இரண்டு நாளாக அவளைப் பற்றி என்னென்ன நினைத்தேன் என்று மேலே இருக்கிறது. அந்த வரிகளை அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

தொரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது ஜன்னல் வழியே கையை நீட்டி அதன் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 2

கோக்சாய். இரண்டாவது சிம்மில் மூன்று கோடு.

ஜூன் 9

பெக்போல் குமிஸ் ஏற்ற வந்தான். போனைப் பார்த்தான், தொட்டுப் பார்த்தான், வெயிலில் பிடித்துப் பார்த்தான். "ஜுபார் எமகாதகி மாமா," என்றான். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னான். கோபமில்லை, நல்ல ஓட்டத்தில் தோற்றவன் சொல்கிற மாதிரி சொன்னான். அவனுடைய மூன்றாவது இன்னும் பாக்கி. என் புதுத் தார்ப்பாயை அவன் கண்ணில் படாமல் மடித்து உள்ளே வைத்தேன்.

ஜூன் 14, புதன்

காலை 11.20. முகட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தோசிம்கான். "படுத்துட்டா," என்றார், அவ்வளவுதான்.

தொரி என்னை இருபத்தாறு நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. குட்டியின் ஒரு முன்னங்கால் மடங்கி உள்ளே மாட்டியிருந்தது, தாய்க்கு நேர்ந்த மாதிரியே. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்தி, நேராக்கி இழுக்க நாற்பது நிமிடம். 12.35க்குக் குட்டி வெளியே. சாம்பல் நிறம். ஒன்றரை மணிக்கு எழுந்து நின்றது, விழுந்தது, நின்றது.

தோசிம்கான் தேநீர் ஊற்றினார். கிண்ணத்தை நீட்டும்போது சொன்னார்: "ஒரு தடவைதான் கூப்பிட்டேன் டாக்டரே."

இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினேன். குடித்தேன்.

ஜூன் 16

போனின் ஓரத்தில் ஒரு கீறல். ஜுபாரிடம் சொல்லவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

மருந்து வாங்கக் கீழே இறங்க வேண்டியிருந்தது. வழியில் ஜுபாரின் கூடாரம். அவள் பால் கறக்கப் போயிருந்தாள். தொரியை அவள் குதிரைகள் நிற்கிற கயிற்றில், குட்டிக்காரிகளுக்குப் பக்கத்தில் கட்டினேன். சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவளுக்குக் கேட்க இனி ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் மாமன் எத்தனை முறை கொடுக்கலாம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஓடையைத் தாண்டும்போது போன் அடித்தது.

"மாமா, குதிரையை மறந்து இங்க கட்டிட்டுப் போயிட்டீங்க."

"மறக்கல," என்றேன். "இரவல்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எத்தனை நாளைக்கு?"

"போனைத் திருப்பி எப்பக் கேக்கிறியோ, அப்பக் குதிரையைத் தா."

இறங்க இறங்க அவள் சிரிப்பு விட்டு விட்டுக் கேட்டது. பாறைத் திருப்பத்தில் அறுந்துபோனது. திரையைப் பார்த்தேன்: இரண்டாவது சிம்மில் கோடுகள் போய், முதல் சிம்மில் ஒன்று முளைத்திருந்தது. வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேர நடை. சேணம் கனத்தது.