பத்து நிமிடத் தூரம்

மே 18, திங்கள்

ரெசிஃபே நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் நொரோன்யா தீவில் பிரசவம் பார்க்க வசதியில்லை. ஏழாம் மாதம் தொடங்கிவிட்டால் எவளாக இருந்தாலும் விமானம் ஏறியாக வேண்டும். ஐந்நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிடம். ஆனால் தீவுக் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறதே! மூன்றுக்குக் கிளம்பி மூன்று பத்துக்கு இறங்கிவிட்டேன்.

"பத்து நிமிஷத் தூரம்தானே நெய்டே, வலி எடுத்ததும் ஓடி வந்துடுறேன்" என்று கிண்டலடித்துத்தான் என் புருஷன் வல்டெமிர் வழியனுப்பினான். அவன் முன்னால் சிரித்தேன். ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

கைக்கடிகாரத்தை மாற்றப்போவதில்லை. தீவு நேரமே இருக்கட்டும்.

ஜூன் 24

ஊரெல்லாம் திருவிழா. வாசலுக்கு வாசல் நெருப்பு மூட்டிச் சோளம் சுடுகிறார்கள். நான் தங்கியிருப்பது ஜுசாரா அக்கா வீட்டில், பெரியம்மா மகள். "ஏன்டி, எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு உங்க ஊரு மணி சொல்றியே, நல்லாருக்கா?" என்கிறாள்.

தீவில் இப்போது மணி ஆறு. வல்டெமிர் படகைக் கட்டியிருப்பான். அது எனக்குத் தெரிய வேண்டாமா?

ஆகஸ்ட் 5, புதன்

குழந்தை குறுக்கே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. அப்பா உள்ளே நிற்கலாமாம்! உடனே வல்டெமிருக்குப் போன்.

"நாலு மணியா? அப்ப மதிய பிளேனே போதும். காலையில படகுல ஆளுங்கள ஏத்துறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். பாப்பா முதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கணும், சொல்லிட்டேன்" என்றான். பயமெல்லாம் பறந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஜனாயினா பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று ஐம்பதுக்கு வந்தான். "நாலு மணிக்குத்தானே சிஸ்டர்?" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது.

ஐயோ. டாக்டர் சொன்னது மூன்று. என் கடிகாரத்தில்தான் நாலு. வழக்கம்போல அதையே சொல்லித் தொலைத்திருக்கிறேன் - அவன் ரெசிஃபே நேரமென்று நினைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 8

"டாக்டர் முன்னாடியே ஆரம்பிச்சிட்டாரு போல. காலையிலயே கிளம்பியிருக்கணும், புத்தி கெட்டவன் நான்" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை. என்ன பொம்பளை நான்?

ஆகஸ்ட் 10

சொல்லிவிட்டேன். "தப்பு உன் மேல இல்ல. என் கடிகாரத்தப் பாத்து மணி சொன்னேன்."

எழுந்து வெளியே போனான். திரும்பி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மதிய விமானத்தில் தீவுக்குப் போய்விட்டான்.

கடிகாரத்தை ரெசிஃபே நேரத்துக்கு மாற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 23

போன் வந்தது. பாப்பா பால் குடித்தாளா என்று கேட்டான். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 9, புதன்

அழைத்துப்போக அவனே வந்தான். பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். அதே கடல், அதே ஒரு மணி பத்து நிமிடம். ஜனாயினாவை வழியெல்லாம் அவனே வைத்திருந்தான்.

சக்கரம் தரையைத் தொட்டதும் குழந்தை வீரிட்டாள். அவளை என் மடியில் போட்டான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கடிகாரத்தைத் திருகி, ஒன்று பத்தை இரண்டு பத்தாக்கினான்.

"இப்ப சரியா இருக்கு" என்றான். "பசிக்குதா உனக்கு?"