தொட்டிலுக்கு மேலே வௌவால்கள்

1996 ஜூலை 2, செவ்வாய்

புழுக்கம். யன்னல் எல்லாம் பூட்டு. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாதாம். பத்தியம் பார்க்க மொன்றியலில் இருந்து வந்திருக்கும் மச்சாளின் சட்டம். இவருடைய அக்கா. அவவுக்கு முன்னால் வாய் திறக்க இவருக்கே பயம், நான் எம்மாத்திரம்.

காலை: மல்லி, மிளகு அவித்த சரக்குத் தண்ணீர். மத்தியானம்: சுறா வறை. இரவு: திரும்பவும் சுறா வறை. பால் நன்றாகச் சுரக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூரைக்குள் சத்தம். இருட்டுப்படும் நேரத்தில் ஏதோ சுரண்டியது. பிறகு கீச்சுக் கீச்சு. இவரிடம் சொன்னேன்.

"பழைய வீடெல்லே, சூட்டுக்கு மரம் விரியும்."

மரம் கீச்சிடுமா? வீடு வாங்கும்போது மரம் நல்ல மரம் என்று தட்டிப் பார்த்துச் சொன்னவரும் இவர்தான்.

ஜூலை 3, புதன்

வௌவால். வேலையால் வந்து காரை நிறுத்தும்போது இவரே கண்டாராம். கூரை விளிம்புக்குக் கீழே ஒரு வெடிப்பு, அதற்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து பறந்தனவாம். மோர்னிங்சைட்டில் வாங்கினால் கோயிலும் கிட்ட, கடையும் கிட்ட என்றார்கள். வௌவாலும் கிட்ட என்று யாரும் சொல்லவில்லை.

மச்சாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டா. "பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டிலை உதென்ன பீடை. நாளைக்கே அடைச்சுப் போடு தம்பி. துடக்குக் கழிவுக்குச் சனம் வரப்போகுது."

துடக்குக் கழிவு, பிள்ளை பெற்ற தீட்டுக் கழிக்கும் சடங்கு: அடுத்த சனி. முப்பத்தோராம் நாள் வேலைநாளில் வருகிறது, ஆனால் ரொறன்ரோவில் துடக்கும் சனி ஞாயிறு பார்த்துத்தான் கழியும். ஐயருக்குச் சொல்லியாயிற்று. அதுவரை எனக்கு இந்த அறை, குளியலறை, இந்த அறை.

வௌவால் வேலை தெரிந்த ஆட்களைக் கூப்பிடுவோம் என்றேன். "விசாரிப்பம்" என்றார் இவர். இவருடைய விசாரிப்பம் எனக்குத் தெரியாததா. அப்படி ஒரு கம்பனிக்கு நானே தொலைபேசி எடுத்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

வந்தது ஒரு பெண். பெயர் டெபி. பெரிய சப்பாத்து, தலையில் விளக்கு. யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அதோடு மச்சாளுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. இவர் வேலைக்குப் போயிருந்தார்.

அலுமாரிக்கு மேலே, கூரைக்குள் போகும் கதவால் ஏறினாள். கனநேரம் சத்தமே இல்லை. தலைமயிர் முழுக்கப் பஞ்சோடு இறங்கி வந்து, தணிந்த குரலில் சொன்னாள். மேலே இருப்பவை எல்லாம் தாய்மாரும் குட்டிகளும். குட்டிகளுக்குப் பறக்கத் தெரியாது. தாய்கள் பொழுதுபடப் போய்ப் பூச்சி தின்று, வந்து பால் கொடுக்கும். இப்போது ஓட்டையை அடைத்தால் தாய்கள் வெளியே, குட்டிகள் உள்ளே. பசியில் சாகும். சாகுமுன் தாயைத் தேடி ஊர்ந்து வீட்டுக்குள் இறங்கும்.

ஒகஸ்ட் நடுப்பகுதியில், எல்லாம் பறக்கத் தொடங்கிய பிறகு, ஓட்டைக்கு மேல் ஒரு வலை தொங்கவிடுவாளாம். வெளியே போகலாம், திரும்ப நுழைய முடியாது. எல்லாம் போனபிறகு அடைப்பது. அதுவரை கூரைக்கும் அறைகளுக்கும் இடையில் உள்ள இடைவெளிகளை மட்டும் அடைக்கட்டாம். கண்ணில் பட்டதை அவளே அடைத்தாள்.

போகும்போது தொட்டிலைப் பார்த்து நின்றாள். "பிள்ளை தூங்கும் அறையில் ஒரு வௌவாலைக் கண்டால் கையால் தொடாதே. வெளியேயும் விடாதே. மூடிவைத்துச் சுகாதாரப் பகுதியைக் கூப்பிடு."

ஏன் விடக்கூடாது என்று கேட்டேன். கடித்தால் தடயம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. விசர்நாய் கடித்தால் வரும் அதே நோய், வந்தபின் மருந்து இல்லை. அந்த வௌவாலைச் சோதித்தால்தான் ஊசி வேண்டுமா என்று தெரியும். "பெரும்பாலும் நோய் இருக்காது" என்றாள். அந்தப் பெரும்பாலும் என் வயிற்றுக்குள் இன்னும் கிடக்கிறது.

மச்சாள்: "உவ என்னவாம்?"

"குட்டி போட்டிருக்காம் மச்சாள். ஒகஸ்ட் வரைக்கும் தொடக்கூடாதாம்."

"ஒகஸ்ட்டோ? அப்ப அடுத்த சனி துடக்குக் கழிவு?"

ஜூலை 7, ஞாயிறு

டெபி சொன்ன எல்லாவற்றையும் இவருக்கு ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓம், ஓம், ஓம். கண் ரீவியில்.

முழுகிய பிறகு மச்சாள் சட்டியில் தணல் போட்டு என் தலைமயிருக்குச் சாம்பிராணி பிடித்தா. பிறகு பிள்ளைக்கு. நான் சும்மா படுத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் பரவவேண்டிய புகை நேரே முகட்டு லைற்றுக்குப் போய், அதன் விளிம்பைச் சுற்றி உள்ளே இழுபட்டு மறைகிறது. அங்கே இடைவெளி. டெபியின் விளக்குக்கும் தப்பியது. கீழே தொட்டில்.

எழும்பி இருந்துவிட்டேன். இவரைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஒட்டுறன்."

"இண்டைக்கு."

பெட்டி கட்டுகிற ரேப்பால் ஒட்டினார். லைற் சூட்டுக்கு நிற்குமா என்று கேட்டேன். நிற்குமாம். தொட்டிலை என் கட்டிலோடு இழுத்து வைத்தேன்; சின்ன அறை, கால்பக்கம் இன்னும் லைற்றுக்குக் கீழேதான்.

மறக்காமல்: பம்பேர்ஸ், கிரைப் வோற்றர், அம்மாவுக்குப் படம் அனுப்ப.

ஜூலை 9, செவ்வாய்

இரவு. எழுத்துக் கோணல்.

பொழுதுபட்டதும் வெளியே ஏணிச் சத்தம். பிறகு சீறுகிற சத்தம், ரின்னிலிருந்து ஓட்டை அடைக்கும் நுரை அடிக்கிற மாதிரி. இவர் உள்ளே வந்தார், சட்டை முழுக்க மஞ்சள் நுரை, முகத்தில் சிரிப்பு. பின்னால் மச்சாள்.

"எல்லாம் முடிஞ்சுது. ஒண்டையும் கொல்லேல்லை. கடைசி ஒண்டு வெளியாலை போகுமட்டும் பாத்து நிண்டுதான் அடைச்சனான்."

"குட்டியள்?"

"உதுக்கிடையிலை பறந்திருக்கும்."

"ஆர் சொன்னது?"

"வேலையிலை ஒரு பொடியன்."

ஜீவகாருண்யம் பார்த்துத்தான் செய்திருக்கிறார். பாவம் பார்த்துப் பார்த்து, தாய்களை வெளியே விட்டுக் குட்டிகளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். இந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. இப்பவே உடையுங்கள் என்றேன். நுரை காயவில்லையாம், இருட்டாம், ஏணி சறுக்குமாம். "விடியக் கழட்டுறன், நீர் டென்ஷன் ஆகாதையும்."

பிள்ளையோடு கீழே பேஸ்மென்றில் படுக்கிறேன் என்றேன். "பச்சை உடம்போடை சீமெந்திலையோ" என்று மச்சாள் வாசலில் நின்றுகொண்டா.

மேலே கீச்சிடுகின்றன. ஒவ்வொரு கீச்சுக்கும் எனக்குப் பால் ஒழுகிச் சட்டை நனைகிறது. என் பிள்ளை நித்திரை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

ஜூலை 10, புதன்

வெளிச்சம் வரக் கண் விழித்தேன். ரேப் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. தொட்டில் விரிப்பில், பிள்ளையின் காலடியில், பேரீச்சம்பழம் அளவில் ஒன்று. மயிர் முளைக்காத கபில நிறம். மெல்ல அசைந்தது.

பிள்ளையைத் தூக்கியது நினைவில்லை. குளிக்க வார்க்கும் பிளாஸ்ரிக் கோப்பையால் அதை மூடினேன். மட்டை ஒன்றை அடியால் தள்ளினேன். பிறகுதான் கத்தினேன்.

இருவரும் ஓடிவந்தார்கள். இவர் எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "அய்யோ, உண்மையிலயே குட்டி." போய் யன்னலைத் திறந்தார். இத்தனை நாளும் திறவாத யன்னல். "பாவம், தாய் வெளியிலை நிக்கும். விட்டிடுவம்."

மச்சாளும்: "விட்டிடு தம்பி. பாவத்தைச் சுமக்காதை."

இப்போது இருவருக்கும் இரக்கம். எனக்கும் விடத்தான் விருப்பம். ஆனால் எத்தனை மணிக்கு விழுந்தது, பிள்ளையின் மேல் ஊர்ந்ததா, யாருக்குத் தெரியும்.

"யன்னலைப் பூட்டுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே புதிது. "அதைச் சோதிக்க வேணும். விட்டால் என்ரை பிள்ளைக்குத்தான் ஊசி."

இவர் பூட்டினார். மச்சாள் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டா.

சுகாதாரப் பகுதி ஆள் வரும் வரை அந்தக் கோப்பைக்குக் காவல் நான்தான். மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. கோப்பைக்குள் மெல்லிய கீச்சு, பிறகு இல்லை, பிறகு திரும்பவும். ஒரு சொட்டுப் பால் வைக்கக்கூட வழியில்லை. தொடக்கூடாது.

வந்தவர் நல்ல மனிதர். பிள்ளையின் உடம்பைப் பார்த்தார். தடயம் இல்லை, இல்லாததால் கடிக்கவில்லை என்று ஆகாது. நோய் இருந்தால் மூளையில்தான் தெரியுமாம். ஆகவே குட்டி உயிரோடு திரும்பாது. அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் கோப்பையோடு வைத்தோம். பெட்டியை நான்தான் கையில் கொடுத்தேன்.

பி.ப.: இவர் டெபியோடு தொ.பே. யில். அவள் ஏசுவது எனக்கே கேட்டது. இவர் ஓம் ஓம் என்றார், இந்த முறை கேட்டுக்கொண்டு. முதலில் என் அறை லைற் விளிம்பை மட்டை வைத்துச் சரியாக அடைத்தார். பிறகு ஏணி. நுரையை வெட்டி எடுத்தார்.

பொழுதுபட யன்னல் கண்ணாடியால் பார்த்தேன். தாய்கள் கூரை விளிம்பின் கீழ் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று உள்ளே போனது. பிறகு மற்றவை. மேலே கீச்சு மெல்ல அடங்கியது.

ஜூலை 11, வியாழன்

மழை. சோதனை முடிவு சொல்லும் தொ.பே. மணி அடிக்கவில்லை.

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுச் சூடு எது என்று கைக்கே தெரியவில்லை. கொட்டாவி விட்டாலும் பயம். தும்மினாலும் பயம்.

இவர் வேலைக்குப் போகவில்லை. அறை வாசலில் நிலத்தில் இருந்தார். "நீர் சொல்லேக்கை நான் கேட்டிருக்கோணும்." தேத்தண்ணி கேட்டேன். போட்டுக்கொண்டு வந்தார், சீனி இல்லாமல்.

ஜூலை 12, வெள்ளி

பி.ப. மணி அடித்தது. எடுத்தது நான்.

நோய் இல்லை. ஊசி வேண்டாம்.

திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். இவர் சுவரோடு சாய்ந்து அழுதார். மச்சாள் சாமிப்படத்துக்கு முன் போய் நின்றா. நானும் அழுதேன், முதலில் பிள்ளைக்காக. பிறகு நினைவு வந்தது. அந்தக் குட்டிக்கு ஒரு நோயும் இருக்கவில்லை.

ஜூலை 13, சனி

வெயில், காற்று. ஐயர் தண்ணீர் தெளித்தார். பிள்ளைக்குத் தலைமயிர் வழித்தது, அழுகை கூரையைப் பிளந்தது. சனம் நிறைய. விட்பியில் இருந்துகூட வந்தார்கள். வௌவால் பற்றி யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று மச்சாள் காலையிலேயே சொல்லிவிட்டா. ஆனால் கூரைப்பக்கம் பார்த்து ஒரு அங்கிள் "உந்த ஓட்டையை அடைக்கேல்லையோ" என்று கேட்டபோது, அவவே சொன்னா: "ஒகஸ்ட்டிலைதான் அடைக்கிறது. இப்ப அதுகளுக்குப் பிள்ளையள்."

சனம் போனபின், பொழுதுபட வெளியே வந்தேன். எனக்கு இனித் துடக்கில்லை, யாரும் மறிக்கவில்லை. பிள்ளை தோளில். கார் நிற்கும் இடத்தில் நின்று மேலே பார்த்தேன். வௌவால்கள் வெளிக்கிட்டுப் போயின. கொஞ்சத்தால் ஒன்று திரும்பி வந்தது, ஓட்டைக்குள் போனது, வெளியே வந்தது, திரும்பவும் போனது.

மச்சாள் ஒரு துவாயோடு வந்து என் காதுகளை மூடிக் கட்டினா. அவவும் மேலே பார்த்தா.

"அந்தக் குட்டியின்ரை தாய் எது தங்கச்சி?"

"தெரியாது மச்சாள்."

"தேடுமோ?"

"ஓம்" என்றேன்.